பேரனைப் பார்ப்பதற்காக அம்மா வேலையை விட்டுவிட்டார். இங்கிலாந்தில் அவருடைய ஸ்டேட் பென்ஷன் குறையுமா?

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்கு விளங்குவது இதுதான்: அம்மாவுக்கு 58 வயது, லண்டனில் நிரந்தரமாக இருக்கிறார், நீங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் பேரனைப் பார்க்க சூப்பர்மார்க்கெட் வேலையை விட்டுவிட்டார். ஒன்றும் செய்யாமல் விட்டால் அந்த ஆண்டுகள் அவருடைய பென்ஷன் கணக்கில் வெற்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு படிவம் நிரப்பி, நீங்களும் அதில் கையெழுத்து வைத்தால் அந்த வெற்றிடம் நிரம்பிவிடும். என் மாமிக்கு, அதாவது கணவரின் அம்மாவுக்கு, இதை நானே நிரப்பிக் கொடுத்தேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சைல்ட் பெனிஃபிட் (பிள்ளை வளர்க்க அரசு கொடுக்கும் உதவிப் பணம்) யார் பெயரில் இருக்கிறதோ, அவருடைய நஷனல் இன்சூரன்ஸ் கணக்கில் (சம்பளத்திலிருந்து கட்டுவது, பென்ஷன் இதை வைத்துத்தான்) அரசு தானாகவே கிழமைக்கு ஒரு கிரெடிட், அதாவது கட்டாமலே கட்டியதாக ஒரு பதிவு, போடுகிறது. வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்கும் தாய் தகப்பனுக்குப் பென்ஷன் குறையக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. நீங்கள் வேலை செய்து இன்சூரன்ஸ் கட்டுவதால், உங்கள் கணக்கில் அந்த ஆண்டு சம்பளத்தாலேயே நிரம்பிவிடுகிறது. அப்படியென்றால் அந்தக் கிரெடிட் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லாமல் கிடக்கிறது. 2011 ஏப்ரல் 6 முதல், பிள்ளையைப் பார்க்கும் உறவினருக்கு அதை மாற்றிக் கொடுக்கலாம். மாற்றுவதால் உங்கள் சைல்ட் பெனிஃபிட்டிலோ, உங்கள் சொந்தப் பென்ஷனிலோ ஒரு பென்னிகூடக் குறையாது.

பணமாகச் சொன்னால்: 2025-26 இல் முழு ஸ்டேட் பென்ஷன் கிழமைக்கு 230.25 பவுண். அதற்கு இன்சூரன்ஸ் கணக்கில் 35 ஆண்டுகள் நிரம்பியிருக்க வேண்டும், குறைந்தது 10 ஆண்டாவது இருந்தால்தான் ஏதாவது கிடைக்கும். ஆக ஓர் ஆண்டின் பெறுமதி கிழமைக்கு ஏறக்குறைய 6.58 பவுண், வருடத்துக்கு 342 பவுண். அம்மா ஐந்து ஆண்டுகள் பேரனைப் பார்த்தால் கிழமைக்குக் கிட்டத்தட்ட 33 பவுண், அதுவும் உயிரோடு இருக்கும்வரை. 2016 ஏப்ரலுக்கு முன்பும் இங்கே வேலை செய்தவர்களுக்கு இந்தக் கணக்குக் கொஞ்சம் மாறலாம். ஆகவே அரசின் இணையதளத்தில் அம்மாவின் பென்ஷன் கணிப்பை முதலில் எடுத்துப் பாருங்கள். முழுத் தொகைக்கு வேண்டியது ஏற்கெனவே சேர்ந்திருந்தால் இந்தக் கிரெடிட்டால் கூடப்போவது ஒன்றுமில்லை. எங்கள் ஆட்களில் 80களிலும் 90களிலும் வந்து, பிள்ளைகளை வளர்த்துவிட்டு, பிந்தித்தான் வேலைக்குப் போன பெண்கள் பலருக்கு அவ்வளவு சேர்ந்திருக்காது.

கிரெடிட்டுக்கு உரியவர்கள் தாத்தா, பாட்டி மட்டுமல்ல. சித்தி, மாமா, அத்தை, பிள்ளையின் மூத்த சகோதரர், இவர்களின் துணைவர் எல்லோரும் அடங்குவர். பக்கத்து வீட்டு அன்ரி எவ்வளவு பாசமாகப் பார்த்தாலும் சேரமாட்டார். பார்த்த காலத்தில் உறவினர் 16 வயதைத் தாண்டி, ஸ்டேட் பென்ஷன் வயதை எட்டாதவராக இருக்க வேண்டும். அந்த வயது 66 ஆக இருந்தது, 2026 ஏப்ரலிலிருந்து 2028க்குள் படிப்படியாக 67 ஆகிறது. அவர் வழக்கமாக ஐக்கிய இராச்சியத்தில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். விசிட் விசாவில் யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து சில மாதம் நின்று பார்க்கும் அம்மாமாருக்கு இது பொருந்தாது. இத்தனை மணி நேரம் பார்க்க வேண்டும் என்று எதுவும் இல்லை. பள்ளி விட்டதும் கூட்டி வந்து சாப்பாடு கொடுத்து வைத்திருப்பதும் பார்ப்பதுதான்.

சிக்கல் பெரும்பாலும் சைல்ட் பெனிஃபிட்டில்தான் வரும். அது யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய கிரெடிட்டைத்தான் மாற்ற முடியும். மனைவி பெயரில் இருந்து, அவர் வேலைக்குப் போகாமல் இருந்தால் அந்தக் கிரெடிட் அவருக்கே தேவை, அம்மாவுக்குக் கொடுக்க மிச்சம் இல்லை. இன்னொன்று, தாய் தகப்பனில் ஒருவருக்குச் சம்பளம் கூடினால் சைல்ட் பெனிஃபிட்டை வரியாகத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்த எல்லை 2013 முதல் 50,000 பவுணாக இருந்தது, 2024 ஏப்ரலிலிருந்து 60,000. 80,000 போனால் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். எடுத்துத் திருப்பிக் கொடுப்பானேன் என்று விண்ணப்பிக்காமலே விட்ட குடும்பங்கள் நிறைய. விண்ணப்பம் இல்லையென்றால் கிரெடிட்டும் இல்லை, பாட்டிக்கு மாற்றவும் எதுவும் இல்லை. புதிதாக விண்ணப்பித்தால் மூன்று மாதம்தான் பின்னோக்கிப் போகும். அதனால் பணம் வேண்டாம் என்று குறிப்பிட்டாவது சைல்ட் பெனிஃபிட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். புதிதாகக் குழந்தை பிறந்த யாரைக் கண்டாலும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

ஒரு சைல்ட் பெனிஃபிட் கணக்குக்கு ஒரு கிரெடிட் மட்டுமே. வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தாலும் அப்படித்தான். திங்கள் முதல் புதன் வரை அம்மம்மா, மிச்ச நாள் அப்பம்மா என்று பார்த்தாலும் யாருக்கு என்று நீங்களே பேசி முடிவெடுக்க வேண்டும். இது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு பெண்கள் உழைக்கும்போது ஒருத்தியின் உழைப்பைத்தான் எண்ணுவோம் என்பது என்ன நியாயம்? ஆனால் இன்றைய சட்டம் அதுதான். யாருடைய கணக்கில் ஆண்டுகள் குறைவோ அவருக்குக் கொடுங்கள்.

படிவத்தின் பெயர் சிஏ9176. அம்மாவின் விவரம், பிள்ளையின் விவரம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை பார்த்தார் என்பது, உங்கள் விவரம், இருவர் கையெழுத்து. அவ்வளவுதான். நிரப்பி, வரித் திணைக்களமான எச்எம்ஆர்சிக்கு அனுப்ப வேண்டும். வரி ஆண்டு ஏப்ரல் 5இல் முடிந்தாலும், அதைத் தொடர்ந்து வரும் அக்டோபர் 31 வரை பொறுக்க வேண்டும். உங்கள் ஆண்டு உங்கள் சம்பளத்தாலேயே நிரம்பிவிட்டதா என்று அவர்கள் பார்த்த பிறகுதான் மாற்றுவார்கள். பழைய ஆண்டுகளுக்கு 2011 வரை பின்னால் போகலாம். இப்போது பென்ஷன் எடுத்துக்கொண்டிருப்பவர்கூட, அந்த வயது வருவதற்கு முன் பிள்ளை பார்த்த ஆண்டுகளுக்குக் கேட்கலாம்.

இதை நீங்கள்தான் எடுத்துப் பேச வேண்டும். அம்மாமார் கேட்கமாட்டார்கள். சொந்தப் பேரனைப் பார்த்ததற்குக் கணக்குக் கேட்பதா என்று கூசுவார்கள். மாமியும் முதலில் "எனக்கெதுக்கு பிள்ளை இதெல்லாம்" என்றுதான் சொன்னார். உங்கள் கையிலிருந்து பணம் போகவில்லை, உங்களுக்குப் பயன்படாத ஒன்று அவர் பெயருக்கு மாறுகிறது என்று விளக்கிச் சொல்லுங்கள்.

அம்மா அப்புறம் எங்கேயாவது பகுதி நேரமாக வேலை செய்தால், ஒரே வேலையில் கிழமைக்கு 125 பவுணுக்கு மேல் வருகிறதா என்று பாருங்கள் (2025-26 இன் எல்லை). வருடம் முழுக்க அப்படி வந்தால் அந்த ஆண்டு தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும், படிவம் வேண்டாம். விடுபட்ட ஆண்டுகளைப் பணம் கட்டி வாங்கலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். 2025-26 விலையில் ஓர் ஆண்டுக்கு 923 பவுண் போனது. பேரனைப் பார்த்த ஆண்டுகளுக்கு முதலில் சிஏ9176ஐ அனுப்பி, பதில் வந்த பிறகு மிச்சம் இருக்கும் இடைவெளிகளுக்கு மட்டும் கட்டலாமா என்று யோசியுங்கள்.