மூன்று கிழமைக்கு முன் நிறுத்திய குளிசை

டீச்சர், நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தில் முடி கொட்டுவது, நகத்தில் வெள்ளைப் புள்ளி, இரவில் கால் உளைவு, இரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்ற பயம் எல்லாம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் சேர்த்ததுபோல ஒரு வரி: "பிரட்னிசலோன் எலும்பை அரிக்கும் என்று யூடியூப்பில் பார்த்தேன், மூன்று கிழமைக்கு முன் நானே நிறுத்திவிட்டேன்." நான் அந்த வரியைத் தாண்டிப் போகவில்லை.

6 வருட முடக்குவாதம், அதில் 2 வருடமாக ஒவ்வொரு நாளும் 7.5 மில்லிகிராம் பிரட்னிசலோன் என்ற ஸ்டெரொயிட் குளிசை. அதை ஒரே நாளில் விட்டிருக்கிறீர்கள். இப்போது கட்டிலை விட்டு எழும்பினால் கண் இருட்டுகிறது, சாப்பாட்டைக் கண்டால் குமட்டுகிறது, 2 கிலோ இறங்கிவிட்டது, கரும்பலகையில் எழுதக் கை தூக்க முடியவில்லை. இதை நீங்கள் "பழைய களைப்புத்தான், கொஞ்சம் கூடிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. இது வேறு.

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போட்டதுபோல இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனை அவைதான் சுரக்கின்றன. அதே வேலையைச் செய்யும் மருந்து வெளியிலிருந்து மாதக்கணக்காக வந்துகொண்டிருந்தால் அவை தங்கள் வேலையை விட்டுவிடும், திரும்ப முழுதாக எழும்பக் கிழமைகள் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மருந்தும் இல்லை, உடம்பின் சொந்தச் சுரப்பும் போதாது. பிரஷர் விழும், இரத்தத்தில் உப்பும் சீனியும் இறங்கும். இந்த நிலையில் ஒரு காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் ஆள் மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரை நினைவிழந்த நிலையில் கொண்டு வந்தார்கள், வீட்டில் இரண்டு நாளாக "பலவீனம்" என்று சொல்லி இளநீரும் குளுக்கோசும் கொடுத்திருக்கிறார்கள், அவர் குளிசையை விட்டது யாருக்கும் தெரியாது. ஊசி போட்டுப் பிழைத்துக்கொண்டார். அந்த இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

அதனால் இன்றைக்கே போக வேண்டும். வீட்டில் குளிசை மிச்சம் இருந்தால் நீங்கள் எடுத்துவந்த அதே 7.5 மில்லிகிராமைச் சாப்பாட்டோடு எடுத்துவிட்டு, தனியாகப் போகாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உப்புவெளியிலிருந்து எவ்வளவு தூரம்? முதல் வசனமாக இதைச் சொல்லுங்கள்: "2 வருடம் பிரட்னிசலோன் எடுத்தேன், 3 கிழமைக்கு முன் திடீரென்று நிறுத்திவிட்டேன்." களைப்பு என்று மட்டும் சொன்னால் வரிசையில் இருத்திவிடுவார்கள். படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் பிரஷர் பார்ப்பார்கள், சோடியமும் சீனியும் பார்ப்பார்கள், தேவையென்றால் கோர்ட்டிசோலும் எடுப்பார்கள். போவதற்குள் சத்தி தொடங்கிக் குளிசை வயிற்றில் தங்காவிட்டாலோ மயக்கம் வந்தாலோ அம்புலன்சுக்கு 1990க்கு அடியுங்கள், அப்போது கோர்ட்டிசோலுக்கு ஈடான ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசிதான் தேவை. வழியில் எங்காவது இறங்கி "ஒரு சேலைன் ஏற்றி விடுங்கள்" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

ஸ்டெரொயிட் எலும்பைத் தேய்க்கும் என்பது பொய் இல்லை. அதற்காகத்தான் முடிந்தளவு குறைந்த அளவில் கொடுத்து, கல்சியமும் விட்டமின் டியும் சேர்த்து, வருத்தம் அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக மாதக்கணக்கில் குறைத்துக்கொண்டு வருகிறோம். உங்களை அந்தக் குளிசையிலிருந்து இறக்க வேண்டும் என்று எனக்கும் விருப்பம். படி வழியாக இறங்கலாம், மாடியிலிருந்து குதிக்கக் கூடாது. அந்த வீடியோவில் பேசியவர் உங்கள் பிரஷரைப் பார்த்தாரா? சுகமில்லாமல் போனால் வந்து பார்ப்பாரா?

கனடாவிலிருந்து மச்சாள் கொண்டு வந்து தந்த மொடபினில் இன்னும் பெட்டியிலேயே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது, அப்படியே இருக்கட்டும். அது பகலில் அடக்க முடியாமல் நித்திரை வரும் சில வருத்தங்களுக்குக் கொடுப்பது. உங்களுக்கு நித்திரை வரவில்லை, உடம்பு ஓய்ந்து போயிருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. அதோடு அது கர்ப்பத்தடைக் குளிசையின் வேலையைக் குறைக்கும். நீங்கள் அந்தக் குளிசையை நம்பியிருக்கிறீர்கள், இன்னொரு பக்கம் முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் எடுக்கிறீர்கள், அது வயிற்றில் வளரும் பிள்ளையைப் பாதிக்கும் மருந்து. உறவுக்காரர் பாசத்தில் தருவதுதான், ஆனால் மருந்துச் சீட்டு ஒருவருக்கு எழுதுவது.

முடியும் நகமும் இப்போது முக்கியமில்லை. மெதோட்ரெக்சேட்டில் முடி கொஞ்சம் கொட்டும், நகப் புள்ளி ஒன்றுமே இல்லை. கிளினிக்கில் ஒழுங்காக எடுத்த இரத்த எண்ணிக்கைகளை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், அதில் புற்றுநோயைச் சந்தேகிக்க எதுவும் இல்லை.

உங்களைத் தின்பது புற்றுநோய்ப் பயமும் இல்லை என்று நினைக்கிறேன். அம்மாவைப் பற்றி எழுதிய இடத்தில் எழுத்தே மாறியிருக்கிறது. சம்பூரிலிருந்து 2006 போரில் இடம்பெயர்ந்து, முகாமில் பாயில் கிடந்து, கை விரல் கோணி, ஐம்பது வயதுக்குள் எழும்ப முடியாமல் போனவர். அவருக்குக் கிடைத்தது வலிக் குளிசையும் எண்ணெயும் மட்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வருத்தம் தொடங்கிய முதல் வருடத்திலேயே மெதோட்ரெக்சேட் தொடங்கியவர், 6 வருடத்துக்குப் பிறகும் விரல்கள் நேராக இருக்கின்றன. மருந்தை விடாமல் இருந்தால் அம்மாவின் வழியில் நீங்கள் போகும் வாய்ப்பு மிகக் குறைவு, இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

சரி, சுரப்பிப் பிரச்சினை அடங்கிய பிறகும் பழைய களைப்பு கொஞ்சம் இருக்கும். அது சோம்பல் இல்லை, மாமியார் என்ன சொன்னாலும். கடும் காய்ச்சலில் உடம்பு அடித்துப் போட்டதுபோலக் கிடக்குமே, அதற்குக் காரணமான இரசாயனங்களில் சில முடக்குவாதத்திலும் நாள் முழுக்கச் சுரந்துகொண்டிருக்கின்றன. மூட்டு வீக்கம் அடங்க அடங்க அதுவும் குறையும். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைரொயிட் பார்க்கச் சொல்லுங்கள். பாமசியில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோபெனாக் வலிக் குளிசையை நிறுத்துங்கள், இரைப்பை புண்ணாகி உங்களுக்குத் தெரியாமலே இரத்தம் போய்க்கொண்டிருக்கலாம், மலம் தார்போலக் கறுப்பாகப் போனால் அதையும் சொல்ல வேண்டும். மெதோட்ரெக்சேட்டை ஞாயிறு இரவு எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வகுப்பில் தள்ளாடுகிறீர்கள், அதை வெள்ளி இரவுக்கு மாற்றலாமா, எப்படி மாற்றுவது என்று கிளினிக்கில் கேளுங்கள், சனிக்கிழமை படுத்திருக்கலாம். கிழமைக்கு ஒருமுறைதான், தப்பித் தவறியும் தினமும் இல்லை. பிரட்னிசலோன் எடுப்பது காலையில், இரவில் எடுத்தால் நித்திரை போகும்.

இன்னொன்று, காய்ச்சல் நாட்களில் பிரட்னிசலோனை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2017இல் கிண்ணியாவில் டெங்கு எப்படி அடித்தது என்று பார்த்தவர்கள் நாம், இந்த மாவட்டத்தில் காய்ச்சல் எப்போதும் வரலாம், வந்தால் குளிசையை விடுவது இல்லை.

போகும்போது கிளினிக் கொப்பியையும் வீட்டில் உள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். மச்சாள் தந்த பெட்டியையும்.