பெருஞ்சீரக வாசம் வந்தால் மருந்தாகிவிடுமா?

கேள்வி: வயது 56. எட்டு வருடமாகச் சலரோகம். மெட்ஃபோர்மின், கிளிக்லசைட் குளிசைகள் எடுக்கிறேன். கலியாணத்துக்குப் பாரிசிலிருந்து வந்த பெறாமகன் 'பாஸ்டிஸ்' என்று ஒரு போத்தல் கொண்டுவந்தான். தண்ணீர் விட்டால் பால் மாதிரி வெளுக்கிறது, பெருஞ்சீரக வாசம். அதோடு இனிப்பான மூலிகை லிக்கரும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துக் கொக்டெயில் கலக்கிறான். மூலிகைதானே, செமிபாட்டுக்கு நல்லது என்கிறான். குடிக்கலாமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: வாசத்தைப் பொறுத்தவரை பெறாமகன் சொல்வது சரி. அது அனெத்தோல் என்ற எண்ணெய்ப் பொருள். நம் குசினிப் பெருஞ்சீரகத்திலும் அதுவேதான். மதுசாரத்தில் கரைந்து கிடப்பது, தண்ணீர் விட்டதும் கரைய முடியாமல் நுண்துளிகளாகப் பிரிகிறது, அதனால் வெள்ளை. கிரேக்கரின் ஊசோவும் துருக்கியரின் ராக்கியும் இதே கூத்துத்தான். செமிபாட்டுக்கு என்றால் ஒரு தேக்கரண்டி பெருஞ்சீரகத்தை அவித்து வடித்துக் குடியுங்கள், போதும்.

பிரான்சின் மர்செய்ல் நகரத்துப் பாஸ்டிஸில் மதுசாரம் 45 சதவீதம், நம்மூர்ச் சாராயத்தைவிடக் கூட. பிரெஞ்சுக்காரர் 20 மி.லி. ஊற்றி ஐந்து மடங்கு தண்ணீர் விடுவார்கள். அதில் 7 கிராம் மதுசாரம். கலியாண வீட்டுக் கை அப்படி அளக்குமா? 60 மி.லி. விழுந்தால் 21 கிராம். லிக்கர் சேர்ந்தால் மதுசாரமும் கூடும், சீனியும் கூடும். சம்புகா போன்ற இனிப்பு லிக்கர்களில் 30 மி.லி.க்குள்ளேயே 10 கிராம் சீனி இருக்கிறது.

ஆனால் எனக்குப் பயம் சீனி ஏறுவதில் இல்லை, இறங்குவதில். கிளிக்லசைட் இன்சுலினைச் சுரக்கவைக்கும். இரத்தத்தில் சீனி குறைந்தால் ஈரல் புதிதாகச் செய்து விடும். மதுசாரம் உள்ளே போனால் அந்த வேலை தடைப்படும். சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தால் நடுச்சாமத்திலோ விடியவோ சீனி விழும். வியர்வை, நடுக்கம், உளறல், தள்ளாட்டம். வீட்டில் வாசத்தைப் பிடித்துவிட்டு, "வெறிதான், படுக்கட்டும்" என்பார்கள். அப்படிப் படுக்கவிட்டு, காலையில் நினைவில்லாமல் கொண்டுவரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாஸ்டிஸில் அதிமதுரமும் உண்டு. ஒரு கிளாஸால் ஒன்றும் ஆகாது. தினமும் குடித்தால் பிரெஷர் கூடலாம், பொட்டாசியம் குறையலாம்.

என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். ஈரலிலோ சிறுநீரகத்திலோ பிரச்சினை இருந்தால் கட்டாயம் வேண்டாம். அது இல்லை, கலியாண நாளில் மனம் கேட்காது என்றால் 20 மி.லி. ஒரே ஒரு தடவை, நிறையத் தண்ணீரோடு, சோறு சாப்பிட்ட பிறகு. லிக்கர் கலக்க வேண்டாம். குடிப்பதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். படுக்கமுன் சீனி பாருங்கள்.

அப்புறம், இதை மனைவியிடமும் சொல்லி வையுங்கள்: வியர்த்து நடுங்கினால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுக்கட்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, வெறியா வருத்தமா என்று யோசித்து நிற்காமல் உடனே 1990 அம்புலன்சுக்கு அடிக்கட்டும்.