ஹாஸ்பிடல் பில்லும் கலெக்‌ஷன் ஏஜென்சியும்: அமெரிக்கவாழ் வாசகர் கேள்விகள்

கே: கலெக்‌ஷன் ஏஜென்சியிலிருந்து 2,400 டாலர் கேட்டு தினமும் ஃபோன். என்ன பேசுவது?

ப: பேசாதீர்கள், எழுதுங்கள். வேலிடேஷன் நோட்டீஸ் (கடன் விவரம் சொல்லி ஏஜென்சி அனுப்பும் கடிதம்) கிடைத்த 30 நாளுக்குள் ‘இந்தக் கடனை ஏற்கவில்லை, ஆதாரம் அனுப்புங்கள்’ என்று சர்டிஃபைட் மெயிலில் போடுங்கள். கடன் வசூல் முறைகளுக்கான மத்தியச் சட்டப்படி, ஆதாரம் அனுப்பும்வரை ஏஜென்சி வசூலை நிறுத்தியாக வேண்டும். ஹாஸ்பிடலின் சொந்த பில்லிங் ஆபீஸை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.

கே: 2016-ல் வந்த பில். ‘நல்லெண்ணத்துக்கு 25 டாலர் மட்டும் கட்டுங்கள்’ என்கிறார் ஏஜென்ட்.

ப: கட்டாதீர்கள். பெரும்பாலான மாநிலங்களில் வழக்குப் போட 3 முதல் 6 வருஷம்தான் கெடு. அது போனபின் ஏஜென்சி வழக்குப் போடவோ, போடுவேன் என்று மிரட்டவோ கூடாது. ஆனால் பல மாநிலங்களில் அந்த 25 டாலரே கெடுவை முதலிலிருந்து ஓட வைத்துவிடும்.

கே: கோர்ட் சம்மன் வந்து மூன்று வாரம். இன்ஷூரன்ஸில் பார்த்துக்கொள்கிறோம் என்றதால் விட்டுவிட்டேன். பரவாயில்லையா?

ப: எந்த மாநிலம் என்றுகூட எழுதவில்லை! டெக்ஸாஸ் ஜஸ்டிஸ் கோர்ட் (சிறு வழக்குகளுக்கானது) என்றால் பதில் போட 14 நாள், போய்விட்டது. கலிஃபோர்னியா 30, நியூ ஜெர்சி 35. எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த ரகம். நன்றாகப் படித்தவர்கள், சம்மனை பீட்ஸா கூப்பனோடு சேர்த்து சாப்பாட்டு மேஜையில் போட்டுவிட்டு இன்ஷூரன்ஸ்காரனோடு ஃபோனில் பேசிக்கொண்டிருப்பார்கள். கோர்ட்டுக்கு அந்த ஃபோன் தெரியாது. பதில் போடாவிட்டால் டிஃபால்ட் தீர்ப்பு. எதையும் நிரூபிக்காமலே ஏஜென்சி ஜெயிக்கும். அப்புறம் பேங்க் கணக்கில் கை வைப்பார்கள். மாநிலத்தைப் பொறுத்து சம்பளத்திலும் பிடிப்பார்கள். மத்தியச் சட்டப்படி வரி போக மீதியில் 25% வரை.

பதில் போட்டால் கதையே வேறு. பில் கைமாறி வந்திருந்தால், கடன் தங்களுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டதற்கான பத்திரம், ஐட்டமைஸ்டு பில், இன்ஷூரன்ஸ் கட்டியது போக மீதி எவ்வளவு என்ற கணக்கு எல்லாம் அவர்கள் காட்ட வேண்டும். பலரிடம் முழுசாக இருக்காது. பதிலில், அவர்கள் வழக்கு மனுவில் சொல்வதில் உண்மையல்லாததை மறுத்து, கீழே உங்கள் எதிர்வாதங்களை எழுதுங்கள்: தொகை தவறு, கெடு தாண்டியது, இப்படி. இப்போது எழுதாததைப் பிறகு எடுக்க முடியாமல் போகலாம். தீர்ப்பே வந்துவிட்டதென்றால் அதை ரத்து செய்ய மனுப் போட வேண்டும். இன்றே உள்ளூர் வக்கீலைப் பாருங்கள்.

கே: எமர்ஜென்சியில் போனோம். ஹாஸ்பிடல் இன்-நெட்வொர்க் (எங்கள் இன்ஷூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ளது), மயக்க மருந்து டாக்டர் இல்லையாம், தனி பில்.

ப: 2022 முதல் நோ சர்ப்ரைசஸ் ஆக்ட் இருக்கிறது. உங்கள் இன்-நெட்வொர்க் பங்குக்கு மேல் கேட்க முடியாது. ஆம்புலன்ஸ் வண்டி பில் இதில் வராது.

கே: விசிட்டர் விசாவில் வந்த அப்பாவுக்கு ஆஞ்சியோ. கோவை திரும்பிவிட்டார். மகன் நான் கட்ட வேண்டுமா?

ப: அட்மிஷன் ஃபாரத்தில் என்னவென்று கையெழுத்துப் போட்டீர்கள்? கேரண்டர் (பணத்துக்குப் பொறுப்பேற்பவர்) என்றால் கடன் உங்களுடையது. அப்பா சார்பில் மட்டும் என்றால் பொதுவாக இல்லை. பென்சில்வேனியாக்காரர்கள் ஜாக்கிரதை: அங்கே 2012-ல் ஒரு தாயின் நர்சிங் ஹோம் பாக்கி, சுமார் 93,000 டாலர், பெற்றோருக்குப் பிள்ளைகளைப் பொறுப்பாக்கும் அந்த மாநிலச் சட்டப்படி மகன் தலையில் விழுந்தது. தாய் அதற்குள் கிரீஸுக்கே போய்விட்டிருந்தார். லாப நோக்கமற்ற ஹாஸ்பிடலாக இருந்தால் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் பில்லிலிருந்து 240 நாளுக்குள் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். விசிட்டருக்குக் கிடைக்குமா என்பது அந்தந்த ஹாஸ்பிடலின் பாலிசி. அதையும் ஃபோனில் கேட்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.