புதுப்பித்த மஸ்டாங்கை விற்கப் போகிறீர்களா? விலை, விளம்பரம், பணம் வாங்கும் முறை

கேள்வி: மிச்சிகனில் டியர்பார்ன் பக்கம் குடியிருக்கிறேன். 1967 ஃபோர்டு மஸ்டாங் ஹார்ட்டாப் (நிலையான கூரை கொண்ட வகை) ஒன்றை வாங்கி, கராஜில் வைத்துப் பல வருடங்களாகப் பார்த்துப் பார்த்துப் புதுப்பித்தேன். 289 கன அங்குல வி8 இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். வாங்கிய விலையோடு சேர்த்து 48,000 டாலர் செலவாகிவிட்டது. ஃபோர்டின் 'ஜிடி' ஆப்ஷனுக்கு உரிய பட்டை, கிரில்லில் ஃபாக் விளக்கு, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் எல்லாம் போட்டிருக்கிறேன். டீலரிடம் கொடுக்க மனசில்லை. இந்த வண்டியின் அருமை தெரிந்தவர்கள் கைக்கே போக வேண்டும். 'நம்பர்ஸ் மேட்சிங் ஜிடி' (ஆலையில் போட்ட அசல் இன்ஜினே உள்ள ஜிடி) என்று விளம்பரம் கொடுத்து, போட்ட பணத்தையாவது கேட்கலாமா?

பதில்: விலைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த விளம்பர வரியை மாற்றுங்கள். அருமை தெரிந்தவர்களைத்தானே தேடுகிறீர்கள்? அவர்கள் அந்த வரியைப் படித்ததுமே உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார்கள்.

பானெட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்க ஃபெண்டரை ஒட்டிய உள்தகட்டில் அடித்திருக்கும் வி.ஐ.என். என்ற வண்டி அடையாள எண்ணைப் பாருங்கள். அது '7எஃப்01சி' என்று தொடங்கினால், 7 என்பது 1967 மாடல், எஃப் என்பது டியர்பார்ன் ஆலை, 01 என்பது ஹார்ட்டாப், சி என்பது இரண்டு பேரல் கார்புரேட்டர் வைத்த 289 இன்ஜின். ஜிடியா இல்லையா என்பது இந்த எண்ணில் எங்கேயும் இருக்காது. அதைச் சொல்லக்கூடியது மார்ட்டி அறிக்கைதான். 1967 மாடலிலிருந்து தொடங்கும் ஃபோர்டு வண்டிகளின் தயாரிப்புப் பதிவுகள் மார்ட்டி ஆட்டோ ஒர்க்ஸ் என்ற நிறுவனத்திடம் முறையான உரிமத்தோடு இருக்கின்றன. வி.ஐ.என். எண்ணையும் கட்டணத்தையும் அனுப்பினால், வண்டி ஆலையிலிருந்து என்ன நிறத்தில், என்னென்ன ஆப்ஷன்களோடு வெளியே வந்தது என்று எழுதிக் கொடுப்பார்கள். வாங்க வருகிறவர் அதை உங்களுக்கு முன்னாலேயே வாங்கிப் பார்த்திருக்கக்கூடும். இன்னொன்று: 1967-இல் ஆட்டோமேட்டிக் கியரோடு வந்த ஜிடிக்கு 'ஜிடிஏ' என்ற பேட்ஜ் போட்டார்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் வெறும் 'ஜிடி' பேட்ஜைக் கண்டதுமே, தெரிந்தவர் புருவத்தை உயர்த்துவார். 'ஜிடி பாகங்கள் பின்னால் சேர்த்தவை, ஆலையில் போட்டவை அல்ல' என்று நீங்களே எழுதிவிடுங்கள். அப்படிப்பட்ட வண்டியை விரும்பி வாங்குகிறவர்கள் நிறைய பேர். ஆனால் அசல் ஜிடி என்று விற்றால் அது மோசடி வழக்கு வரைக்கும் போகலாம்.

'நம்பர்ஸ் மேட்சிங்' இதைவிட நுணுக்கமான விஷயம். இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் வி.ஐ.என். எண்ணை எல்லா வண்டிகளுக்கும் அடிக்கும் வழக்கம் ஃபோர்டில் 1968 மாடலோடுதான் வந்தது. அதற்கு முன்னால், 289 இன்ஜின்களில் 'கே' குறியீடு கொண்ட ஹை பெர்ஃபார்மன்ஸ் வகைக்கு மட்டும் அடித்தார்கள். ஆகவே உங்கள் 'சி' குறியீட்டு இன்ஜினில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எண்ணே கிடையாது. அதில் இருப்பது வார்ப்பு எண்ணும் வார்ப்புத் தேதியும். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினால், பிளாக்கின் அந்தப் பக்கத்தில் தெரியும். உதாரணமாக 7ஏ15 என்றிருந்தால் 1967 ஜனவரி 15-இல் வார்த்தது. அந்தத் தேதி, கதவில் உள்ள தகட்டில் இருக்கும் தயாரிப்புத் தேதிக்குச் சில வாரங்கள் முந்தையதாக இருந்தால், 'வண்டியின் காலத்துக்குப் பொருந்தும் இன்ஜின்' என்று எழுதலாம். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். அந்த வார்ப்பு எண்ணைத் துணியால் துடைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படம் எடுத்துப் போடுங்கள். பத்து வரி வர்ணனையைவிட அந்தப் படம் அதிகம் பேசும்.

அடுத்தது துரு. வைப்பருக்கு அடியில், கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் கவுல் என்ற காற்றுப் பெட்டியில்தான் இந்தக் காலத்து மஸ்டாங்குகளுக்குப் பிரச்சினையே ஆரம்பிக்கும். அங்கே துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் மழைத்தண்ணீர் நேராகக் காலடிக்கு இறங்கும். தரைத்தகடு அரித்துப்போனதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். விஷயம் தெரிந்தவர் வந்தால் பெயின்ட்டைப் பார்த்து மயங்க மாட்டார். கால்மிதியைத் தூக்கிக் கையை உள்ளே விடுவார், பேட்டரித் தட்டுக்கு அடியில் டார்ச் அடிப்பார், பின்சக்கர வளைவுகளில் காந்தத்தை வைத்துப் பட்டி எவ்வளவு பூசியிருக்கிறது என்று பார்ப்பார். அவருக்கு முன்னால் நீங்களே ஒரு குடம் தண்ணீரைக் கவுலில் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். வேலை நடந்தபோது எடுத்த படங்கள் இருக்கின்றனவா? வெட்டி எடுத்த பழைய தகடு, புதிதாக வைத்துப் பற்றவைத்த தகடு, பிரைமர் மட்டும் அடித்த உடல், எல்லாவற்றையும் வரிசையாக ஒரு ஃபைலில் போடுங்கள். ரசீதுகளையும் அதிலேயே வையுங்கள். பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு அந்தப் படங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. விலை நிற்பதே அந்த ஃபைலின் மேல்தான் என்பேன்.

டிஸ்க் பிரேக்கைக் கழற்றிவிட்டு மறுபடி டிரம் போட வேண்டாம். வண்டியை ஓட்ட நினைக்கிறவர் அதை வரவேற்பார். அசலான பிரேக், கார்புரேட்டர், ரேடியோ போன்றவை பெட்டியில் கிடந்தால் தனியாக விற்றுவிடாமல் வண்டியோடு சேர்த்துக் கொடுங்கள். பழைய நிலைக்குக் கொண்டுபோக விரும்புகிறவருக்கு அந்தப் பெட்டி பெரிய விஷயம்.

இப்போது விலை. போட்ட பணம் திரும்ப வராது என்று முதலிலேயே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். 1967 மாடலில் மொத்தம் 4,72,121 மஸ்டாங்குகள் செய்தார்கள். அதில் ஹார்ட்டாப் மட்டும் 3,56,271. கூரை பின்னால் சரிந்திறங்கும் ஃபாஸ்ட்பேக் வெறும் 71,042. சந்தை ஃபாஸ்ட்பேக்கையும், கூரையை மடிக்கக்கூடிய கன்வெர்ட்டிபிளையும்தான் துரத்துகிறது. ஆனால் பெயின்ட் அடிப்பவரும் குரோம் பூசுபவரும் ஹார்ட்டாப் என்பதற்காகக் கூலியைக் குறைப்பதில்லை. உங்கள் செலவுக்கும் சந்தை விலைக்கும் நடுவே இடைவெளி விழுவது அங்கேதான். உங்கள் உழைப்பை யாரும் குறைத்து மதிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹேகர்ட்டி நிறுவனத்தின் விலை வழிகாட்டியில் வண்டிகளை 1 முதல் 4 வரை தரம் பிரித்திருப்பார்கள். போட்டிக்குக் கொண்டுபோகும் வண்டி 1. நன்றாகப் பராமரித்து ஓட்டுகிற, அங்கங்கே சிறு குறை தெரிகிற வண்டி 3. வீட்டில் புதுப்பித்தவர்கள் பலர் தங்கள் வண்டியை 2 என்று நினைக்கிறார்கள், வாங்க வருகிறவர் 3 என்கிறார். கிளப்பில் உங்களுக்கு நெருக்கமில்லாத ஒருவரை அழைத்து மதிப்பிடச் சொல்லுங்கள். அப்புறம் ஏலத் தளங்களில் போய், இதே இன்ஜின் கொண்ட ஹார்ட்டாப்புகள் உண்மையில் என்ன விலைக்கு முடிந்தன என்று பாருங்கள். கேட்ட விலையை விட்டுவிடுங்கள், முடிந்த விலைதான் கணக்கு.

எங்கே விற்பது? நீங்கள் இருக்கும் இடமே பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய் விற்பனை அட்டையை வைத்தாலே பேச்சு தொடங்கிவிடும். உள்ளூர் மஸ்டாங் கிளப்பிலும் சொல்லிவையுங்கள். தொலைவிலிருப்பவர்களுக்கு ஹெம்மிங்ஸ், பிரிங் எ டிரெய்லர் போன்ற விற்பனைத் தளங்கள் இருக்கின்றன. பிரிங் எ டிரெய்லரில் போட்டால் ஆர்வலர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். அன்றைக்கே பதில் சொல்ல நேரம் இருந்தால் மட்டும் போடுங்கள், பதில் தாமதமானால் ஏதோ மறைக்கிறார் என்ற எண்ணம் வந்துவிடும். இன்ஜினைச் சூடாக்கி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடாதீர்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது, புகை வருகிறதா என்று அவர் கண்ணால் பார்க்கட்டும்.

வரி பற்றி ஒரு வரி: சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வண்டியை நட்டத்தில் விற்றால் அந்த நட்டத்தை அமெரிக்க வருமான வரியில் கழிக்க முடியாது, லாபம் வந்தால் மட்டும் வரி உண்டு. லாபமில்லை என்று காட்டவும் அதே ரசீதுகள்தான் வேண்டும்.

கேள்வி: பென்சில்வேனியாவில் பழைய செவ்ரலே ஒன்றை விற்கிறேன். வேறு மாநிலத்துக்காரர் ஒருவர் நேரில் பார்க்காமலே முழு விலைக்கும் சம்மதித்துவிட்டார். கேஷியர்ஸ் செக் (வங்கியே தன் பெயரில் எழுதித் தரும் செக்) அனுப்புவாராம், டிரக்காரர் வந்து வண்டியை எடுப்பாராம். டிரக் கூலியையும் அதே செக்கில் சேர்த்து அனுப்புகிறேன், நீங்கள் கொடுத்துவிடுங்கள் என்கிறார். சரியா?

பதில்: வேண்டாம். அதிகமாகச் செக் அனுப்பி மிச்சத்தை இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்வது பழகிப்போன ஏமாற்று வேலை. போலிச் செக்காக இருந்தாலும் வங்கி ஓரிரு நாளில் பணத்தைக் கணக்கில் காட்டிவிடும். போலி என்று தெரிய வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் வண்டியும் போய் டிரக் கூலியும் போயிருக்கும். வங்கி முழுத் தொகையையும் உங்களிடமே திரும்பக் கேட்கும்.

உண்மையான ஆர்வலர் ஒன்று நேரில் வருவார், இல்லை பார்த்துச் சொல்ல ஒருவரை அனுப்புவார். பணத்தை வயர் (வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடியாக அனுப்புவது) மூலம் வாங்குங்கள். வந்து சேர்ந்ததா என்று உங்கள் வங்கிக்கு நீங்களே போன் செய்து உறுதிப்படுத்துங்கள். செக்தான் என்றால் அவருடைய வங்கிக் கிளைக்கே சேர்ந்து போய், உங்கள் கண்முன் எழுதி வாங்குங்கள். ரொக்கமாக 10,000 டாலருக்கு மேல் வங்கியில் கட்டினால் வங்கி அரசுக்குத் தகவல் தரும். அது வழக்கமான நடைமுறை, பயப்பட ஒன்றுமில்லை. அதைத் தவிர்ப்பதற்காகப் பிரித்துப் பிரித்துக் கட்டுவதுதான் குற்றம். பணம் கைக்கு வரும்வரை டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) கையெழுத்து வேண்டாம். விற்பனைப் பத்திரத்தில் 'உள்ளபடியே விற்கப்படுகிறது' என்று எழுதுங்கள். ஆனால் தெரிந்தே மறைத்த குறையிலிருந்து அந்த வாசகம் உங்களைக் காப்பாற்றாது. விற்றதும் மாநிலப் போக்குவரத்துத் துறைக்குத் தகவல் கொடுங்கள். நம்பர் பிளேட்டை நீங்கள் வைத்துக்கொள்வதா, வண்டியோடு விடுவதா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கழற்றுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பழைய வண்டியின் ஓடோமீட்டரில் ஐந்து இலக்கம்தான். 41,000 மைல் காட்டுகிறது. அதையே எழுதலாமா?

பதில்: ஐந்து இலக்க மீட்டர் 99,999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். 41,000 என்பது 1,41,000 ஆகவும் இருக்கலாம். இவ்வளவு பழைய வண்டிக்கு, விற்கும்போது மைலை எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற மத்திய சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. அதற்காகத் தோன்றியதை எழுதிவிட முடியாது. பழைய சர்வீஸ் ரசீதுகளில் வருடவாரியாக மைல் குறித்திருந்தால், அவற்றைக் காட்டி 41,000 என்று எழுதுங்கள். இல்லையென்றால் 'மீட்டரில் காட்டுவது 41,000, உண்மையான மைல் தெரியாது' என்று விளம்பரத்திலும் விற்பனைப் பத்திரத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.