எனக்குச் சமயமானபோது: கேள்வி பதில்

திடப்படுத்தல் வகுப்பு (வாலிபரைச் சபையின் முழு அங்கத்தினராகத் தயார்படுத்தும் வகுப்பு) எடுக்க ஆரம்பித்து 30 வருஷம் தாண்டிவிட்டது. "ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க ஆசைதான், ஆனா தள்ளிப்போய்க்கிட்டே இருக்கு" என்கிறவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில.

ஐயா, வயசு 24. அக்கா கல்யாணம் முடியணும், அப்பா வாங்கின கடன் அடையணும். அதுக்கப்புறம் தீர்மானம் எடுக்கலாம்னு இருக்கேன். தப்பா? (தூத்துக்குடி)

தம்பி, லூக்கா 14-ல இயேசு சொன்ன விருந்துக் கதையை எடுத்துப் பாருங்க. விருந்துக்கு வரமாட்டேன்னு சொன்ன மூணு பேர்ல ஒருத்தன்கூட சாராயக்கடைக்குப் போகலை. ஒருத்தன் வயல் வாங்கினான், ஒருத்தன் ஐந்தேர்மாடு (அஞ்சு ஜோடி உழவு மாடு) வாங்கினான், இன்னொருத்தனுக்குக் கல்யாணம். எல்லாம் நல்ல காரியந்தான். ஆனா வயலை வாங்கி முடிச்சபிறகு "அகத்தியமாய்ப் போய்ப் பார்க்கவேண்டும்" என்கிறான் பாருங்க, பார்க்காமலா வாங்கியிருப்பான்? அக்கா கல்யாணத்தை நீங்கதான் நடத்தணும், நடத்துங்க. ஆண்டவரிடம் வந்தவன் கடன் கட்டக்கூடாதுன்னு எங்கேயும் எழுதலை.

வீடு கட்டுறோம். ஞாயித்துக்கிழமைன்னா அவுக சைட்டுக்குப் போயிருதாக. எட்டு மாசமா ஆலயம் இல்லை, குடும்ப ஜெபமும் நின்னுபோச்சு. (சங்கரன்கோவில்)

அம்மா, உங்க வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் வீடு கட்டினப்போ கான்கிரீட்டுக்குத் தண்ணி விடணும்னு ஞாயிறு காலையில் ஹோஸ் பைப்பும் கையுமா நின்னேன். தளத்துக்குத் தண்ணி விட்டது ரெண்டு வாரம். நான் ஆலயத்துக்குப் போகாம இருந்தது ஒரு வருஷம்! தண்ணி காய்ஞ்சதும் டைல்ஸ், டைல்ஸ் முடிஞ்சதும் பெயின்ட்.

பாபிலோனிலிருந்து திரும்பி வந்த ஜனங்களும் இப்படித்தான். ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டாங்க, எதிர்ப்பு வந்தது, நிறுத்தினாங்க. எதிர்ப்பு ஒரு காரணந்தான், அப்புறம் அதுவே பழக்கமாயிட்டது. சுமார் 16 வருஷம் ஓடிப்போச்சு. கி.மு. 520-ல் ஆகாய் தீர்க்கதரிசி வந்து, "மச்சுப்பாவப்பட்ட உங்கள் வீடுகளில் குடியிருக்கும்படியான காலம் இதுவோ?" என்று கேட்டார். மச்சுப்பாவப்பட்டன்னா, பலகை அடிச்சு அழகுபண்ணின வீடு. ஒரு மாசத்துக்குள்ளே வேலை ஆரம்பிச்சாச்சு. வீட்டுக்காரர்கிட்ட சண்டை போடாதீங்க. இந்த வாரம் ஒரே ஒரு நாள் ராத்திரி, பிள்ளைகளோட பாய் விரிச்சு ஒரு சங்கீதம் வாசிங்க. அவர் வந்து உட்கார்ந்தா உட்காரட்டும்.

காலையில் வேதம் வாசிக்க மொபைலைத்தான் எடுக்கிறேன். அரைமணி நேரம் கழிச்சுப் பார்த்தா ரீல்ஸ்ல இருக்கேன்.

அச்சடிச்ச வேதாகமத்தை எடுங்க. என் போன் ராத்திரி அடுக்களையில் மாவு டப்பா மேல தூங்குது. அலாரத்துக்குப் பழைய கடிகாரம்.

குடியை விட்டுட்டு, சுத்தமா ஆண்டவர்கிட்ட வரணும்னு பார்க்கிறேன். முடியலை ஐயா.

பிற்காலத்தில் பெரிய சபைத் தலைவரான அகுஸ்தீனும் வாலிபத்தில் "எனக்குக் கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம்" என்று ஜெபித்தவர்தான். 386-ல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் அழுதபோதும் அவர் தன்னைச் சரிபண்ணி முடித்திருக்கவில்லை. தன்னால் முடியலைன்னு கண்டுதான் அழுதார். மறுவருஷம் ஈஸ்டருக்கு ஞானஸ்நானம். நீங்க குடியோடயே வாங்க. கூடவே டாக்டரையும் பாருங்க, கை நடுக்கம் இருந்தா தானா திடீர்னு நிறுத்தாதீங்க, அது ஆபத்து.

கன்வென்ஷன்ல தேம்பித் தேம்பி அழுறேன். திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் ஒண்ணுமே இல்லை. நான் மாய்மாலக்காரனா?

இல்லை. ஆனா அப்போஸ்தலர் 24-ல வர்ற ரோம தேசாதிபதி பேலிக்ஸைக் கவனிங்க. செசரியாவில் பவுல் நீதி, இச்சையடக்கம், இனிவரும் நியாயத்தீர்ப்பு என்று பேசப்பேச, தேசாதிபதி பயந்தே போனான். உணர்வுக்குக் குறைவில்லை. "இப்பொழுது நீ போகலாம், எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்." இல்லைன்னு சொல்லலையே! அப்புறமும் பலதரம் கூப்பிட்டுப் பேசினான், பவுல் பணம் கொடுப்பார்னு ஒரு நப்பாசையும் இருந்தது. ரெண்டு வருஷத்தில் அடுத்த தேசாதிபதி பெஸ்து வந்துட்டான், இவன் போயிட்டான், பவுல் காவலிலேயே.

அழுகை வந்த அன்னைக்கு ராத்திரியே ஒரு காரியம் செய்யுங்க. பேசாம இருக்கிற தம்பிக்குப் போன் போடுங்க. ஆபீஸ்ல தப்பாப் போட்ட பில் இருந்தா நாளைக்குத் திருப்பிக் கட்டுறேன்னு மனைவிகிட்ட சொல்லிடுங்க. ஒரு ஆளுக்குத் தெரிஞ்சுட்டா திங்கட்கிழமையால அதை அவ்வளவு சீக்கிரம் அழிக்க முடியாது.

இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் இருந்த கள்ளன் கடைசி நிமிஷத்தில்தானே வந்தான்? (என் மகன் கேட்கிறான், பதில் தெரியலை.)

கெட்டிக்காரப் பையன். ரோம ராஜா கான்ஸ்டன்டைனும் 337-ல் மரணப்படுக்கையில்தான் ஞானஸ்நானம் வாங்கினார், அதையும் சேர்த்துக் கேட்கலாம். ஆனா அந்தக் கள்ளன் அதுக்கு முன்னால் அழைப்பைக் கேட்டுத் தள்ளிப்போட்டான்னு வேதத்தில் இல்லை. கேட்டதா நமக்குத் தெரிஞ்ச அந்த ஒரே நாளில் "ஆண்டவரே" என்றான். உங்க மகன் ஞாயிறு பள்ளியில் எத்தனை வருஷமா கேட்கிறான்னு கேளுங்க.

ஹோட்டல் வேலை, ஞாயிறு லீவு கிடையாது. (திருப்பூர்)

விடியற்காலை ஆராதனை எந்தச் சபையில் இருக்குன்னு விசாரிங்க தம்பி. இல்லாட்டி உங்க ஆயரைப் போய்ப் பாருங்க. வேலை முடிஞ்சு வர்ற நேரத்தை அவர்கிட்டயே சொல்லுங்க.