கைவேலை கேள்வி-பதில்: மரத்தில் ஒரு கரி இன்ஜின்

சென்ற இதழில் நான் செய்த மர இன்ஜினின் படம் வெளியானதிலிருந்து, இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருந்தன. அவற்றில் ஐந்து கேள்விகளுக்கு இந்த மாதம் முழு இடத்தையும் ஒதுக்கியிருக்கிறேன்.

உச்சிப்புளி வாசகர்: சிறு வயதில் பாம்பன் பாலத்தின் மேல் பார்த்த கரி இன்ஜினைப் போல ஒன்றை மரத்தில், எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாகச் செய்ய ஆசைப்படுகிறேன். எந்த இன்ஜினை, எந்த அளவில் செய்வது? வரைபடத்துக்கு எங்கே போவது?

முதலில் உங்கள் வீட்டு வாசற்கதவை அளந்து கொள்ளுங்கள். மாடி அறையில் வேலை செய்வதானால் மாடிப்படி திரும்பும் இடத்தையும் அளந்து கொள்ளுங்கள். முடித்த இன்ஜினைக் கீழே இறக்க முடியாமல் சன்னல் கம்பியை அறுத்தவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

பாம்பன் தடம் 1914இல் திறக்கப்பட்டு, 2007இல் அகலப்பாதையாக மாற்றப்படும் வரை மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்) தடமாகவே இருந்தது. எனவே மீட்டர் கேஜ் இன்ஜின் ஒன்றைத்தான் நீங்கள் செய்ய வேண்டும். இந்திய மீட்டர் கேஜ் தடங்களில் பரவலாக ஓடியவற்றில் பயணிகள் வண்டிக்கான ஒய்.பி. வகையைப் பரிந்துரைக்கிறேன். முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய இயக்கு சக்கரம், பின்னால் இரண்டு என்று பார்வைக்கு நீண்டு அழகாக இருக்கும். ஆனால் இவ்வகை 1949இல்தான் வந்தது என்பதால், பாலம் திறந்த நாளின் காட்சி என்று எழுதிப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்.

கரி, தண்ணீர் சுமக்கும் டெண்டரோடு சேர்த்து ஒய்.பி.யின் நீளம் சுமார் 19 மீட்டர். பத்தில் ஒரு பங்காகச் செய்தால் 190 சென்டிமீட்டர் வரும். தண்டவாள இடைவெளி சரியாக 100 மில்லிமீட்டர் என்பதால் கணக்கும் மனத்திலேயே ஓடும். ஆனாலும் முதல் இன்ஜினுக்குப் பதினாறில் ஒரு பங்குதான் என் தேர்வு. நீளம் 119 சென்டிமீட்டருக்குள் அடங்கும், தண்டவாள இடைவெளி 62.5 மில்லிமீட்டர், இயக்கு சக்கரத்தின் விட்டம் 86 மில்லிமீட்டர். இந்த அளவில் ஒரு ஆணித்தலையைக்கூட உளியால் காட்ட முடியும், இருவர் சேர்ந்தால் தூக்கவும் முடியும்.

வரைபடம் கிடைக்காவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். சென்னைப் பெரம்பூரில் உள்ள ரயில் அருங்காட்சியகத்திலோ, டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்திலோ, சில நிலைய வாசல்களிலோ பழைய இன்ஜின்கள் நிற்கின்றன. நீங்கள் செய்யப்போகும் வகையைக் கண்டுபிடித்து, பக்கவாட்டில் நேராக, முடிந்தவரை தள்ளி நின்று, லென்ஸைக் கிட்டே இழுத்துப் படம் எடுங்கள். அருகில் நின்று எடுத்தால் முன்னால் துருத்தி நிற்கும் பாகங்கள் பெருத்தும், பின்னால் இருப்பவை சிறுத்தும் தெரியும். ஒய்.பி.யின் இயக்கு சக்கர விட்டம் 1372 மில்லிமீட்டர் என்பது தெரிந்த அளவு. அச்சிட்ட படத்தில் அந்தச் சக்கரம் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துக் கொண்டால், அதே முழக்கோலால் புகைபோக்கி முதல் படிக்கட்டு வரை எல்லாவற்றையும் அளந்துவிடலாம்.

மண்டபம் வாசகர்: நன்கு காய்ந்த ஒரே வேப்பங்கட்டையைக் கடைசல் பட்டறையில் கொடுத்து, 10 சென்டிமீட்டர் விட்டத்தில் கொதிகலன் கடைந்து வாங்கினேன். வைகாசியில் கடைந்தது, ஆடியில் நீளவாக்கில் பிளந்துவிட்டது. மரம் சரியில்லையா, கடைந்தவர் சரியில்லையா?

இருவர் மேலும் குற்றம் இல்லை. என் முதல் இன்ஜினின் கொதிகலனும் இப்படித்தான் போனது. நள்ளிரவில் கூடத்திலிருந்து சுள்ளி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. காலையில் பார்த்தால், ஒரு ரூபாய் நாணயம் நிற்கும் அளவுக்கு வெடிப்பு. இரண்டு மாதம் மெருகேற்றிய பாகம் அது.

காரணத்தைத் தெரிந்து கொண்டால் மறுபடியும் ஏமாற மாட்டீர்கள். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. குறுக்கேதான் ஈரத்தை வாங்கி உப்பும், விட்டுச் சுருங்கும். அதிலும் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நடுச்சோறு (மரத்தின் மையத்தில் உள்ள மென்மையான பகுதி) உள்ளேயே இருக்கும் உருட்டுக் கட்டையில், சுற்றளவு குறைய விரும்பும் அளவுக்கு ஆரம் குறைய விரும்புவதில்லை. அந்த இழுபறி எங்காவது ஓரிடத்தில் வெடித்தே தீரும். நம் கரையில் வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும் மாதங்களில் மரம் ஈரத்தைக் குடிக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கே நிலத்தின் மீது காய்ந்து வரும் கச்சான் காற்று அதை உறிஞ்சுகிறது. உங்கள் கொதிகலன் ஆடியில் பிளந்ததில் வியப்பில்லை.

இதற்கான விடை உங்கள் ஊர்க் கரையிலேயே இருக்கிறது. வள்ளம் கட்டும் ஓடாவி, கட்டையைக் குடைந்து வள்ளம் செய்வதில்லை. ஏராக்கட்டை என்னும் அடிமரத்தைப் படுக்கவைத்து, விலா எலும்பு போன்ற வங்குகளை நிறுத்தி, அவற்றின் மேல் பலகை அறைகிறார். கொதிகலனையும் நான்கு பக்கமும் மூடிய வள்ளமாக நினைத்துக் கொள்ளுங்கள். நடுவே ஒரு நீண்ட சட்டம்; அதில் 8 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கோர்த்த வட்ட வங்குகள், இவற்றை ஒட்டுப்பலகையில் வெட்டலாம்; அவற்றின் மேல் நீளவாக்கில் தேக்குப் பட்டிகள். 10 சென்டிமீட்டர் விட்டத்துக்குச் சுற்றளவு 314 மில்லிமீட்டர். 36 பட்டிகள் வைத்தால் ஒவ்வொன்றும் வெளிப்புறத்தில் 8.7 மில்லிமீட்டர் அகலம், இரண்டு ஓரமும் 5 டிகிரி சாய்வு. சாய்வை ஒவ்வொரு பட்டியிலும் கண்ணளவாக இழைக்காமல், அதே சாய்வில் ஒரு பள்ளக் கட்டை செய்து, பட்டியை அதில் கிடத்தி இழைப்புளி ஓட்டினால் முப்பத்தாறும் ஒன்றுபோல வரும். முதல் பட்டியை உச்சியில் ஒட்டி, இடமும் வலமுமாக மாறி மாறி இறங்குங்கள். ஒரே பக்கமாகச் சுற்றிக் கொண்டே போனால் கொதிகலன் முறுக்கிக் கொள்ளும். கடைசிப் பட்டி மட்டும் ஒருபோதும் அளவுக்கு வராது. அதை இடத்துக்கு ஏற்ப இழைத்து அடியில், இன்ஜினின் அடிச்சட்டத்துக்குள் மறையும்படி வையுங்கள்.

வங்கு ஒவ்வொன்றிலும் நடுச்சட்டத்தின் பக்கத்தில் விரல் அளவு துளை விட்டு, புகைபோக்கி வழியே உள்காற்று வெளியேறுமாறு செய்தால் உள்ளும் புறமும் ஈரம் ஒருசேர ஏறி இறங்கும். வெளியே மட்டும் வார்னிஷ் பூசி உள்ளே வெறுமனே விடுவது தவறு. பட்டிகளின் உட்புறத்திலும் ஒட்டுவதற்கு முன்பே ஒரு கை பூசிவிடுங்கள், ஒட்டும் ஓரங்களில் மட்டும் வார்னிஷ் படக்கூடாது. இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆரம்பகால இன்ஜின்கள் பலவற்றில், சூடு வீணாகாமல் இருக்கக் கொதிகலனின் மேல் மரப்பட்டிகளையே சுற்றிப் போர்த்தியிருந்தார்கள். ஆகவே பட்டி தெரிவதை மறைக்க மக்கு பூசி வண்ணம் அடிக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

தொண்டி வாசகர்: என் இன்ஜினின் சக்கரங்கள் கோடையில் சுழல்கின்றன, ஐப்பசி மழையில் இறுகிவிடுகின்றன. சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளிங் ராடைக் கழற்றிவிட்டால் சுழல்கின்றன. சக்கரங்களை 12 மில்லிமீட்டர் தேக்குப் பலகையில் வட்டமாக அறுத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே நோய் இருக்கிறது. பலகையில் அறுத்த வட்டம், மழைக்காலத்தில் வட்டமாக இருப்பதில்லை. ரேகைக்குக் குறுக்கே முக்கால் மில்லிமீட்டர் வரை அகன்று முட்டை வடிவாகிவிடும். அதோடு, ராடு மாட்டும் கிராங்க் முளையும் மையத்திலிருந்து சற்று விலகிவிடுகிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் ரேகை ஒவ்வொரு பக்கமாக ஓடினால், முளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு விலகி, ராடு அவற்றைப் பிடித்து இழுத்து நிறுத்திவிடுகிறது.

மாட்டுவண்டிச் சக்கரம் செய்பவர் இதற்கு என்றோ வழி கண்டுவிட்டார். குடம் தனி, ஆரக்கால் தனி, வட்டை தனி. வட்டையை ஆறு துண்டுகளாக வெட்டினால் ரேகை சுற்றளவை ஒட்டி ஓடும். அதன் மேல் இன்னொரு ஆறு துண்டுகளை, இணைப்புகள் ஒன்றின் மேல் ஒன்று வராதபடி தள்ளி ஒட்டுங்கள். ஆரக்கால்களில் ரேகை நீளவாக்கில் போவதால் விட்டம் எந்தப் பருவத்திலும் மாறாது. இதற்கு நம் ஊரில் காசு கொடுத்து வாங்க வேண்டாத ஒரு மரம் இருக்கிறது. கரிமூட்டத்துக்கு மட்டுமே ஆகும் என்று நாம் திட்டித் தீர்க்கும் சீமைக்கருவேலம், காய்ந்த பிறகு மிகக் குறைவாக, அதுவும் இரு திசைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் சுருங்கும் மரங்களில் ஒன்று. நீண்ட பலகை அதில் கிடைக்காது. உங்களுக்கு வேண்டியதோ விரல் நீளத் துண்டுகள். வெளிறை, அதாவது வெளுத்த வெளிப்பகுதியை, முழுக்கச் சீவி எறிந்துவிட்டு, வைரம் பாய்ந்த சிவந்த நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். வெளிறு இருந்தால் ஒரே வருடத்தில் உளுத்துவிடும். துண்டுகளின் முனைகளில் மெழுகு தடவி, நிழலில் ஆறு மாதமாவது அடுக்கி வையுங்கள்.

இனி ராடுகள். இடப்பக்க ராடையும் வலப்பக்க ராடையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கி ஒரே தடவையில் துளையிடுங்கள். அச்சு போகும் இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் அந்த ராடையே மாதிரியாக வைத்துத் துளையிடுங்கள். இடைவெளி எத்தனை என்பதைவிட இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். அச்சுத் துளையிலும் ராடின் துளையிலும் சிறு பித்தளைக் குழாயை அறுத்துச் செருகிவிட்டால், மரம் உப்பினாலும் துளை சுருங்காது. கிராங்க் முளை, பதினாறில் ஒரு பங்கு ஒய்.பி.யில் மையத்திலிருந்து 19 மில்லிமீட்டரில் வரும். பிஸ்டனின் ஓட்டம் அசலில் 610 மில்லிமீட்டர் என்பதிலிருந்து இந்தக் கணக்கு.

ஒரே அச்சில் இடச்சக்கரத்தின் முளைக்கும் வலச்சக்கரத்தின் முளைக்கும் கால் சுற்று வித்தியாசம் இருக்க வேண்டும். ஒரு பக்கத்துப் பிஸ்டன் முனையில் நின்று தள்ள முடியாமல் இருக்கும்போது மறுபக்கத்துப் பிஸ்டன் முழு பலத்தோடு தள்ளுவதற்காகச் செய்த ஏற்பாடு இது. உங்கள் கையில் அது 90க்குப் பதில் 88 டிகிரியாக வந்தாலும் சக்கரம் சுழலும். மூன்று அச்சுகளிலும் அதே 88 இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கட்டையில் அச்சுக்கு ஒரு பள்ளமும் முளைகளுக்கு இரண்டு தடைகளும் வைத்து, மூன்றையும் அதிலேயே வைத்து ஒட்டுங்கள்.

கீழக்கரை வாசகி: எங்கள் வாப்பாவுக்கு 72 வயது. மாடி அறையில் கதவைச் சாத்திக் கொண்டு நாள் முழுவதும் மர ரயிலுக்கு உப்புத்தாள் தேய்க்கிறார்கள். இரவில் இருமுகிறார்கள். நிறுத்தச் சொன்னால் கோபம் வருகிறது.

வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள், கதவைத் திறக்கச் சொல்லுங்கள். மரத்தூள் சாதாரணத் தூசி அன்று. நெடுங்காலம் சுவாசித்தால் மூக்கில் புற்றுநோய் வரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே வகைப்படுத்தியிருக்கிறது. தேக்கும் ஈட்டியும் சிலருக்கு மூச்சிரைப்பும் தோல் அரிப்பும் தரும். தேய்க்கும் வேலையை முற்றத்தில், காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து, என்-95 முகக்கவசத்தோடு செய்யட்டும். துணிக் கைக்குட்டை போதாது. அறையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தூளைக் குறைக்க வேண்டுமானால், உப்புத்தாளை விட்டுக் கூரான இழைப்புளியாலும் கண்ணாடிச் சில்லாலும் சுரண்டி மெருகேற்றலாம் என்று வாப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். கைவேலைக்காரர் எவரும் அந்த யோசனையைத் தட்டமாட்டார்.

இராமேஸ்வரம் வாசகர்: இரும்பு ஆணி அடித்த இடமெல்லாம் கறுத்துவிட்டது. இன்ஜினைப் பாம்பன் பாலத்தின் மேல் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதும் என் ஆசை. பாலத்தை எவ்வளவு செய்வது?

துவர்ப்புச் சத்து மிகுந்த மரத்தில் ஈர இரும்பு பட்டால் மை போலக் கறுக்கும். கருவை இனத்தில் அது அதிகம், நம் உப்புக்காற்றில் இன்னும் விரைவு. மூங்கில் ஆணியோ பித்தளை ஆணியோ போடுங்கள். குழாய்களுக்கும் கைப்பிடிகளுக்கும் பிரம்பை வெந்நீரில் ஊறவைத்து வளைத்தால் கம்பியே வேண்டாம்.

பழைய பாலத்தின் நீளம் ஏறத்தாழ 2,065 மீட்டர். பதினாறில் ஒரு பங்காகச் செய்தாலும் 129 மீட்டர் வரும். உங்கள் தெருவே போதாது. கப்பலுக்காகத் திறந்து மூடிய ஷெர்சர் தூக்குப் பகுதியைச் செய்ய ஆசை இருந்தால், அது தனியாக ஒரு வருட வேலை. சாதாரணக் கண்கள் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) ஒவ்வொன்றும் 40 அடி, அதாவது 12.2 மீட்டர், அவற்றில் இரண்டு செய்தால் 152 சென்டிமீட்டர் கிடைக்கும், 119 சென்டிமீட்டர் இன்ஜின் அதன் மேல் முன்னும் பின்னும் சற்று இடம் விட்டு நிற்கும். நடுத்தூணைத் தரைப்பலகையோடு ஒட்டிவிடாமல் முளை வைத்துச் செருகுங்கள். கதவு வழியே போகும்போது கழற்ற வேண்டியிருக்கும்.