இசைக் கேள்வி பதில்: கார்டுக்கு எந்தப் பெயர்?

கேள்வி: சமூக மன்ற இசைக்குழுவுக்கு நான்தான் கார்ட் (chord, சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) தாள் எழுதுகிறேன். சி, இ, ஜி, ஏ நான்கையும் சேர்த்து ‘சி 6’ என்று எழுதினேன். கிட்டார் வாசிப்பவர் அதை ‘ஏ மைனர் 7’ என்கிறார். எது சரி?
வாசகர், ஈசூன்

பதில்: இரண்டிலும் அதே நான்கு சுரங்கள்தான். பாஸில், அதாவது எல்லாவற்றுக்கும் கீழே ஒலிக்கும் சுரமாக, எது நிற்கிறது, அடுத்து கார்ட் எங்கே போகிறது என்று பார்த்த பிறகே பெயர் வையுங்கள். பாஸ் சி-யில் இருக்க, பாட்டும் சி மேஜரில் வந்து அமர்கிறது என்றால் சி 6. பாஸ் ஏ-யில் தொடங்கி டி மைனர் 7, ஜி 7 என்று நகர்ந்தால் ஏ மைனர் 7. பி மைனர் 7 ஃபிளாட் 5 (ஃபிளாட் என்றால் அரைச்சுரம் கீழே), டி மைனர் 6 இரண்டுக்கும் இதே கதைதான்: பி, டி, எஃப், ஏ.

பாஸ் மட்டும் வேறு சுரம் என்றால் சாய்கோடு போடுங்கள். கோட்டுக்கு இடப்பக்கம் கார்ட், வலப்பக்கம் பாஸ். ஜி பாஸுக்கு மேல் எஃப், ஏ, சி வந்தால் ‘எஃப்/ஜி’ என்பதே தெளிவு. சிலர் இதையே ‘ஜி 11’ என்பார்கள். அதைப் பார்த்து ஒருவர் ஜி-யின் மூன்றாம் சுரமான பி-யையும் சேர்த்து வாசித்தால் அது சி-யோடு அரைச்சுர இடைவெளியில் உரசும். நம் குழுக்களில் சீன, மலாய் நண்பர்கள் ஒத்திகையே இல்லாமல் தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே பார்வையில் புரிய வேண்டும்.

கேள்வி: சி, இ, ஜி, டி வேண்டும் என்று ‘சி 9’ எழுதினேன். கீபோர்டுக்காரர் பி ஃபிளாட்டும் சேர்க்கிறார்.
வாசகி, தெம்பனீஸ்

பதில்: அவர் வாசித்ததுதான் சரி. 9, 11, 13 என்று வெறும் எண் போட்டால் ஃபிளாட் 7, இங்கே பி ஃபிளாட், அதற்குள் அடக்கம். ஏழாம் சுரமே வேண்டாம் என்றால் ‘சி ஆட் 9’. பி நேச்சுரல் (ஃபிளாட் இல்லாத பி) வேண்டும் என்றால் ‘சி மேஜ் 9’. மேஜருக்குப் பெரிய எம், மைனருக்குச் சிறிய எம் என்று கையால் எழுதாதீர்கள். மங்கலான மேடை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ‘மேஜ்’ (maj), ‘மின்’ (min) என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்தும் எழுதிவிடுங்கள். 13 கார்டில் எல்லாச் சுரத்தையும் அடுக்க வேண்டியதில்லை. கார்டுக்குப் பெயர் தரும் மூலச்சுரத்தை பாஸ் கிட்டார் பார்த்துக்கொள்ளும். 3, 7, 13 கையில் இருந்தால் போதும். 5, 11 இரண்டையும் விட்டுவிடலாம்.

கேள்வி: சி 7 ஷார்ப் 9-ஐ (ஷார்ப் என்றால் அரைச்சுரம் மேலே) ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதும்போது டி ஷார்ப்பா, இ ஃபிளாட்டா?
வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: டி ஷார்ப். மேஜர் மூன்றாம் சுரமான இ ஏற்கெனவே கார்டில் இருக்கிறது. இ-யும் இ ஃபிளாட்டும் சேர்ந்தால் ஒரே எழுத்து இரண்டு விதமாக வந்து கண்ணைக் குழப்பும். பாட்டின் வரி அந்தச் சுரத்திலிருந்து டி-க்கு இறங்கினால், அந்த வரியில் மட்டும் இ ஃபிளாட் எழுதலாம். ஃபிளாட் 9 வரும் கார்டில் இன்னொரு கவனம்: சி-யை ஒட்டி ஃபிளாட் குறியைப் போட்டால் அது சி ஃபிளாட்டின் 9 ஆகிவிடும். முதலில் சி 7 எழுதி, ஃபிளாட் 9-ஐ அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.